சிஸ்டத்தில் ஆறு, ஷெல்ஃபில் பூஜ்யம்



சப்ளை செயின் எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "எங்க கம்பெனியில ரெண்டு வருஷம் இழுத்துப் புது ஈஆர்பி போட்டாங்க. டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. ஆனா கடையில சரக்கு இல்லைன்னு தினமும் போன் வருது. நாங்க ஐடியை நல்லாத்தான் பயன்படுத்தறோமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்த வாரம் எபிசோடில் இதற்கு ரெண்டு நிமிஷம்தான் ஒதுக்க முடிந்தது. ஆனால் சில வருடங்களாக டொரண்டோ பக்கம் கான்ட்ராக்டராக நான் பார்க்கிற வேலையில் பாதி இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். என்ன மென்பொருள் வாங்கினீர்கள், எத்தனை மாட்யூல் ஓடுகிறது என்று எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. திரையில் இருப்பதற்கும் தரையில் இருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அந்தத் தூரம் குறைந்தால் ஐடி வேலை செய்கிறது. குறையவில்லை என்றால் டேஷ்போர்டு என்ன நிறத்தில் இருந்தாலும் பயனில்லை.

வழக்கமாக எதை அளக்கிறார்கள்?

மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

ஒன்று, செலவு. வருமானத்தில் எத்தனை சதவீதம் ஐடிக்குப் போகிறது என்று பார்ப்பது. இதற்கு நேர் எதிரான உதாரணம் ஸ்பெயினின் ஸாரா. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2004-ல் வெளியிட்ட கேஸ் ஸ்டடியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்தில் அவர்கள் கடைகளில் இருந்த பில் போடும் டெர்மினல்கள் டாஸில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு கடை மேனேஜரும் கையடக்கக் கருவி ஒன்றில் வாரம் இரண்டு முறை ஆர்டர் அனுப்பினார்கள். எது போகிறது, எது தேங்குகிறது என்ற தகவல் தலைமையகத்துக்கு உடனே போனது. டிசைனும் தயாரிப்பும் அதைப் பார்த்து மாறின. பழைய கம்ப்யூட்டர்தான், ஆனால் தகவல் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு, கேள்வித்தாள். 'டிஜிட்டல் மெச்சூரிட்டி' என்று பெயர் வைத்து, "உங்களிடம் வேர்ஹவுஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் இருக்கிறதா? 1 முதல் 5 வரை மார்க் போடவும்" என்று கேட்பார்கள். மீட்டிங் ரூமில் உட்கார்ந்து மேனேஜர்கள் நிரப்புவார்கள். சிஸ்டம் இருக்கிறது, எனவே 5. அது சொல்வதை ஆட்கள் நம்புகிறார்களா என்ற கேள்வி பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்காது.

மூன்று, ரேங்கிங். ஏஎம்ஆர் ரிசர்ச் 2004-ல் தொடங்கி, இப்போது கார்ட்னர் வெளியிடும் சப்ளை செயின் டாப் 25 பட்டியல் பிரபலம். அதில் கணிசமான மார்க், சக நிறுவனத்தார் போடும் ஓட்டிலிருந்தும் கார்ட்னர் நிபுணர்களின் கருத்திலிருந்தும் வருகிறது. மீதியில் பெரும்பகுதி நிதி எண்கள். பெரிய நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். உங்கள் வேர்ஹவுஸில் நேற்று என்ன நடந்தது என்று அது சொல்லாது.

இவற்றைவிட உருப்படியான ஒன்று, 1996-ல் வந்த ஸ்கோர் மாடலில் இருக்கும் 'பர்ஃபெக்ட் ஆர்டர்'. ஆர்டர் முழுசாகப் போனதா, நேரத்துக்குப் போனதா, சேதமில்லாமல் போனதா, பில்லும் பேப்பரும் சரியா. நான்கும் சரியாக இருந்தால்தான் அந்த ஆர்டர் தேறும். தனித்தனியாகப் பார்த்தால் நான்கிலும் 95 சதவீதம் வாங்குகிற கம்பெனி "நாங்க 95" என்று சொல்லிக்கொள்ளும். அந்தத் தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், நான்கையும் பெருக்கிப் பாருங்கள், 81 சதவீதம்தான் வரும். ஐந்தில் ஒரு வாடிக்கையாளர் ஏதோ ஒரு குறையோடு இருக்கிறார்.

இருந்தாலும் பர்ஃபெக்ட் ஆர்டர் என்பது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. லாரி லேட்டா, ஆள் பற்றாக்குறையா, ஐடியா என்று பிரித்துப் பார்க்க, நான் நான்கு விஷயங்களை அளக்கிறேன்.

1. திரை சொல்வது உண்மையா?

ஒரு கடையில் தேங்காய்ப்பால் டின் 6 இருப்பதாக சிஸ்டம் சொல்கிறது. ஷெல்ஃபில் ஒன்றுகூட இல்லை. 4-க்குக் கீழே போனால்தான் ஆர்டர் போடும்படி செட் பண்ணியிருக்கிறார்கள். சிஸ்டம் கணக்கில் 6 இருப்பதால் ஆர்டர் போகாது. சரக்கு இல்லாததால் விற்பனையும் இல்லை. விற்பனை இல்லாததால் ஃபோர்காஸ்ட் மென்பொருள் "இதை யாரும் வாங்குவதில்லை போல" என்று முடிவு கட்டிவிடும். யாராவது நேரில் போய் எண்ணும்வரை அந்த ஷெல்ஃப் காலியாகவே கிடக்கும். திரையில் மட்டும் எல்லாம் சுபம்.

இது எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் ஒரு ரீடெய்ல் நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 ஸ்டாக் ரெக்கார்டுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 65 சதவீத ரெக்கார்டுகள் உண்மையான எண்ணிக்கையோடு பொருந்தவில்லை.

எப்படிக் கெட்டுப்போகிறது? மாம்பழ ஜூஸ் 6, கொய்யா ஜூஸ் 6 வாங்குகிறீர்கள். விலை ஒன்றுதானே என்று கேஷியர் மாம்பழ டப்பாவையே 12 முறை ஸ்கேன் செய்கிறார். பில் சரி, பணம் சரி. ஆனால் இரண்டு ஜூஸின் ஸ்டாக்கும் அந்த நொடியிலிருந்து தப்பு.

அளப்பது சுலபம். லாட்டரி முறையில் 50 இடங்களைத் தேர்ந்தெடுத்துப் போய் எண்ணுங்கள். இரண்டு திசையிலும் எண்ண வேண்டும். 25 இடங்களைத் திரையிலிருந்து எடுத்துத் தரையில் தேடுங்கள். 25 இடங்களைத் தரையில் பார்த்துவிட்டுத் திரையில் தேடுங்கள். முதல் திசையில் இல்லாத சரக்கு பிடிபடும், இரண்டாவதில் கணக்கில் வராத சரக்கு பிடிபடும்.

ஒரு எச்சரிக்கை. கூடுதலையும் குறைவையும் கழித்துக்கொள்ளாதீர்கள். ஒரு இடத்தில் 10 கூட, இன்னொரு இடத்தில் 10 குறைய என்றால் அக்கவுன்ட்ஸில் வித்தியாசம் பூஜ்யம். அவர்களுக்கு 100 சதவீதம் சரி. சரக்கு எடுக்கப் போகிறவருக்கு இரண்டு இடமும் தப்பு.

2. எவ்வளவு தாமதம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வந்து இறக்கிவிட்டுப் போகிறது. சிஸ்டத்தில் திங்கட்கிழமை காலை ஏற்றுகிறார்கள், தேதியை மட்டும் வெள்ளி என்று போட்டு. ரிப்போர்ட்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நடுவில் சனி ராத்திரி ஓடிய பிளானிங் ரன், அந்தச் சரக்கு வரவே இல்லை என்று நினைத்து, திரும்ப வாங்கச் சொல்லியிருக்கும்.

பெரும்பாலான ஈஆர்பிகளில் போஸ்டிங் தேதி தனி, என்ட்ரி நடந்த தேதியும் நேரமும் தனி. போஸ்டிங் தேதியை ஆள் மாற்றலாம், என்ட்ரி நேரத்தை சிஸ்டமே பதிவு செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். சராசரி வேண்டாம், அது எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். மிக மோசமான 10 சதவீதம் எங்கே, எந்த ஷிஃப்டில், எந்த வாசலில் என்று பாருங்கள். புது மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஒரு க்வெரி போதும்.

3. ஆட்கள் நம்புகிறார்களா?

'எக்செலுக்கு எக்ஸ்போர்ட்' பட்டனை எத்தனை பேர் தினமும் அமுக்குகிறார்கள் என்று லாகில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கம்பெனி தன் ஐடியை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான எண் குறைவு.

இதிலேயே கொஞ்சம் ஆழமான அளவு, ஃபோர்காஸ்ட் திருத்தம். மென்பொருள் 100 என்று சொல்கிறது, பிளானர் 120 என்று மாற்றுகிறார். அந்த மாற்றம் உதவியதா, கெடுத்ததா? ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் குழு நான்கு நிறுவனங்களின் 60,000-க்கும் மேற்பட்ட ஃபோர்காஸ்டுகளைப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. சின்னச் சின்னத் திருத்தங்கள் பெரும்பாலும் பயன் தரவில்லை, சிலவேளை கெடுக்கவும் செய்தன. பெரிய திருத்தங்கள்தான் உதவின. அதிலும் குறைத்துப் போட்டவை, கூட்டிப் போட்டவற்றைவிட நன்றாக இருந்தன. கூட்டும்போது நமக்குள் இருக்கும் ஆசை பேசிவிடுகிறது. குறைக்கும்போது பெரும்பாலும் கையில் உண்மையான தகவல் ஏதோ இருக்கிறது.

உங்கள் இடத்தில் இதை அளக்க மூன்று எண்களைச் சேமித்து வைக்க வேண்டும்: மென்பொருள் சொன்னது, பிளானர் மாற்றியது, கடைசியில் விற்றது. பல சிஸ்டங்களில் இரண்டாவது எண் முதலாவதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். அப்படியென்றால் யார் சரி என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

4. கம்பெனிக்கு வெளியே தகவல் போகிறதா?

சங்கிலி என்று பேர் வைத்துவிட்டு ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் எப்படி? உங்கள் சப்ளையர் லாரி அனுப்பும்போதே ஏஎஸ்என் என்கிற முன்னறிவிப்பு மின்னணு முறையில் வர வேண்டும். அது லாரிக்கு முன்னால் வந்து, லாரியில் இருந்த சரக்கோடு அப்படியே பொருந்திய தடவைகள் எத்தனை சதவீதம்? லாரி வந்து நின்ற பிறகு வரும் முன்னறிவிப்பு, கல்யாணம் முடிந்து வரும் பத்திரிகை மாதிரிதான்.

இன்னொரு அளவு, சாட்டை வீச்சு. ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் 1997-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமான 'புல்விப் எஃபெக்ட்'. பி அண்ட் ஜியின் பேம்பர்ஸ் டயப்பர்தான் அதில் உதாரணம். குழந்தைகள் டயப்பரைப் பயன்படுத்தும் வேகம் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதிகமாக ஏறி இறங்கியது. பி அண்ட் ஜி தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடியது. சாட்டையின் கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. நீங்கள் சப்ளையருக்குப் போடும் வாராந்திர ஆர்டரின் ஏற்ற இறக்கத்தை, உங்கள் வாராந்திர விற்பனையின் ஏற்ற இறக்கத்தால் வகுத்துப் பாருங்கள். மொத்தமாக வாங்குவதால் 1-க்கு மேலே கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் ஐடிக்குச் செலவு செய்த பிறகும் அந்த எண் காலாண்டுக்குக் காலாண்டு குறையவில்லை என்றால், விற்பனைத் தகவல் பக்கத்துக் கண்ணிக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

அளவுகோலே பொய் சொன்னால்?

கனடாவில் இருப்பவர்களுக்கு டார்கெட் கதை ஞாபகம் இருக்கும். 2011-ல் ஸெல்லர்ஸ் கடைகளின் லீஸை 182.5 கோடி கனடிய டாலருக்கு வாங்கி, 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்தார்கள். 2015 ஜனவரி 15 அன்று மொத்தமாக மூடுவதாக அறிவித்தார்கள். 133 கடைகள், சுமார் 17,600 வேலைகள்.

கனேடியன் பிசினஸ் பத்திரிகை 2016-ல் இதை விரிவாக விசாரித்து எழுதியது. எஸ்ஏபியைப் புதிதாகப் போட்டு, பல்லாயிரக்கணக்கான பொருட்களின் விவரங்களை அவசரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். அமெரிக்க டார்கெட்டில் 98, 99 சதவீதம் சரியாக இருந்த தகவல், இங்கே 30 சதவீதம் அளவில்தான் சரியாக இருந்ததாம். வேர்ஹவுஸ்கள் நிரம்பி வழிந்தன, கடையில் ஷெல்ஃப் காலி.

அதில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான். பொருட்களைக் கவனிக்கும் இளம் அனலிஸ்ட்களின் வேலையை, அவர்கள் பொருட்களில் எத்தனை சதவீதம் கையிருப்பில் உள்ளது என்ற எண்ணை வைத்து மதிப்பிட்டார்கள். தானாக ஆர்டர் போடும் வசதியை ஒரு பொருளுக்கு அணைத்து வைத்தால், அந்தப் பொருள் தீர்ந்தாலும் 'ஸ்டாக் இல்லை' பட்டியலில் அது வராது. சிலர் அணைத்து வைத்தார்கள். எண் ஏறியது. மேலே இருந்தவர்களுக்கு நிலைமை தேறுவதுபோல் தெரிந்தது. கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ஒரு அளவையே இலக்காக்கினால் அது நல்ல அளவாக இருக்காது என்பதை பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே வேறொரு சூழலில் சொல்லிவிட்டார். எண்ணை ஆளின் தலையில் கட்டினால், ஆள் எண்ணைத்தான் காப்பாற்றுவார். சரக்கை யார் காப்பாற்றுவது?

எண் யார் தலையில் விழுகிறது?

இது வெறும் மேனேஜ்மென்ட் விவகாரம் இல்லை. நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த நாட்டில் முதல் சம்பளம் வந்தது வேர்ஹவுஸிலிருந்துதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஸ்கேன் என்று கையில் இருக்கும் கருவியே அவர்களை எண்ணுகிறது. சிஸ்டம் காட்டிய இடத்தில் பெட்டி இல்லை என்றால் தேடும் நேரமும் அவர்கள் கணக்கில்தான் போகும். அதைச் சமாளிக்க, 12 பெட்டிக்கு ஒன்றை ஸ்கேன் செய்து எண்ணைத் தட்டிவிடுவார்கள். ஸ்டாக் இன்னும் கெடும். அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் தேடுவார்.

மிசிசாகாவில் ஒரு உணவுப் பொருள் விநியோகக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஷிஃப்ட் லீடாக யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். கேள்வித்தாளின்படி அந்தக் கம்பெனி 5-க்கு 4. அக்காவின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. என்ன அது என்று கேட்டேன். "கொம்ப்யூட்டர் சொல்றது ஒண்டு, ராக்கையில இருக்கிறது இன்னொண்டு தம்பி. அதுதான் கொப்பியில எழுதி வச்சிருக்கிறன்" என்றார்.

நிர்வாகத்துக்கு விஷயம் தெரிந்ததும், நோட்டைத் தடை செய்யலாம், எல்லாரும் சிஸ்டத்தையே பார்க்கட்டும் என்று பேச்சு வந்தது. நான் சொன்னது: இந்தக் கட்டடத்தில் உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த ரிப்போர்ட் அந்த நோட்டுதான். அதில் ஒவ்வொரு வரியும் சிஸ்டம் தப்பாகச் சொன்ன ஒரு இடம். நோட்டை வைத்து லொக்கேஷன் மாஸ்டரைத் திருத்தினோம். வாரா வாரம் நோட்டில் எத்தனை புது வரி ஏறுகிறது என்று எண்ணினோம். அந்த எண்ணைக் குறைக்கும் பொறுப்பு ஐடிக்கு, அக்காவுக்கு இல்லை என்பதையும் பேசி முடிவு செய்தோம். வரிகள் குறையக் குறைய, அவரே நோட்டை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். யாரும் எதையும் தடை செய்யவில்லை.

நம்ம நேயருக்கு

நண்பரே, டேஷ்போர்டு பச்சையாக இருந்தும் போன் வருகிறது என்றால், போன் சொல்வதை நம்புங்கள். பிறகு இதைச் செய்து பாருங்கள்.

இந்த வாரம் 50 இடங்களை இரண்டு திசையிலும் எண்ணுங்கள். ஒரு க்வெரி எழுதி என்ட்ரி தாமதத்தைப் பாருங்கள். தினமும் விற்று வந்த பொருள் எது எது, ஸ்டாக் இருப்பதாகக் காட்டியும் ஒரு வாரமாக விற்காமல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். உங்கள் 'தேங்காய்ப்பால் டின்கள்' பாதி அதில் மாட்டும். பிறகு தரையில் வேலை செய்கிறவரிடம் போய், "சிஸ்டம் எங்கே பொய் சொல்லுது?" என்று கேளுங்கள்.

வருகிற எண்களை யாருடைய போனஸோடும் முடிச்சுப் போடாதீர்கள், குறைந்தது முதல் ஆறு மாதத்துக்காவது. எண் மோசமாக இருந்தால் ஆளுக்கு ஆபத்து என்று தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் உங்களுக்கு அழகான எண் மட்டும்தான் கிடைக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது 50 இடம் எண்ணிப் பார்த்தால், எத்தனை பொருந்தியது என்று பதில் அனுப்புங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். அடுத்த எபிசோடில் அதை வைத்தே பேசுவோம்.